பழைய கார்: ரேடியேட்டர் தண்ணீர் எங்கே போகிறது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தண்ணீர் ஒழுக்கு பற்றியவை. அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு, மொரிஸ் மைனர் என்று வண்டிகள் வேறு, புகார் ஒன்றுதான். எஞ்சினைப் பிரிக்கும் அளவுக்குப் போகாத, வீட்டிலேயே அல்லது பக்கத்துப் பட்டறையில் முடிக்கக்கூடிய ஒழுக்குகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கே: அம்பாசடர் மார்க் 2 வைத்திருக்கிறேன். காலையில் ரேடியேட்டர் கழுத்து வரை தண்ணீர் ஊற்றினால் மாலைக்குள் ஓர் அங்குலம் இறங்கிவிடுகிறது. எங்கும் ஈரம் இல்லை. மறுநாளும் இதே கதை. (காரைக்குடி வாசகர்)

ப: கழுத்து வரை ஊற்றுவதை நிறுத்துங்கள், கதையும் நின்றுவிடும். இது ஒழுக்கே இல்லை. 30 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 85 டிகிரிக்குச் சூடேறும்போது ஏறத்தாழ 3 சதவீதம் விரிகிறது. 7 லிட்டர் பிடிக்கும் அமைப்பில் அது 200 மில்லி. இன்றைய கார்களில் அந்த உபரி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் போய், எஞ்சின் ஆறியதும் திரும்பி வருகிறது. உங்கள் வண்டியில் பாட்டில் கிடையாது. மூடிக்குக் கீழே உள்ள சின்னக் குழாய் வழியாக ரோட்டில் போய்விடுகிறது. மேல் டேங்கில் ஓர் அங்குலம் காலியாக விட்டு, ஒரு வாரம் ஊற்றாமல் பாருங்கள். அதே மட்டத்தில் நின்றால் வண்டியில் குறையில்லை. அதற்கும் கீழே இறங்கிக்கொண்டே போனால்தான் தேட வேண்டும்.

பாட்டில் வைக்கலாம். ஆனால் பழைய மூடியை வைத்துக்கொண்டு பாட்டில் மாட்டினால் தண்ணீர் போகும், திரும்பாது. திரும்பி உறிஞ்ச வேண்டுமென்றால் மூடியின் மேல்விளிம்பிலும் ஒரு ரப்பர் வளையம் உள்ள வகை வேண்டும். வாங்குவதற்கு முன் கழுத்தின் ஆழத்தை அளந்து கொள்ளுங்கள்: மேல்விளிம்பிலிருந்து உள்ளே ரப்பர் உட்காரும் இடம் வரை, பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் முக்கால் அங்குலம், ஓர் அங்குலம் என்று இரண்டு அளவு உண்டு. ஓர் அங்குலக் கழுத்தில் முக்கால் அங்குல மூடி பூட்டும், திருகும், ஆனால் அடைக்காது. இப்படி மாறிப்போன மூடியால் தண்ணீர் குறையும் வண்டிகள் ஏராளம்.

கே: தினமும் அரை லிட்டர் குறைகிறது. கீழே சொட்டும் இருக்கிறது. ஆனால் எங்கிருந்து வருகிறது என்று மூன்று மெக்கானிக்குகள் மூன்று இடம் சொல்கிறார்கள். (கோவை வாசகர்)

ப: ஓடும் எஞ்சினில் தேடினால் அப்படித்தான். ஃபேன் காற்று தண்ணீரைப் பின்னால் அடிக்கிறது. பம்ப்பில் கசிவது பிளாக்கின் பக்கவாட்டில் ஈரமாகத் தெரியும், பக்கவாட்டில் கசிவது ஆயில் சம்ப்பின் மூலையில் சொட்டும். சொட்டு விழும் இடத்தை நம்பாதீர்கள். மேலே, முன்னே என்று தேடிப் போக வேண்டும்.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவித் துடைத்து உலர விடுங்கள். ரேடியேட்டர் வேலை செய்யும் கடைகளில் கைப்பம்ப்பும் அழுத்தமானியும் சேர்ந்த பிரஷர் டெஸ்டர் இருக்கும். அதை மூடிக்குப் பதிலாகப் பொருத்தி, உங்கள் மூடியில் அச்சிட்டிருக்கும் பவுண்டு அளவு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) வரை மட்டும் காற்று ஏற்றுங்கள். 4 பவுண்டு மூடி என்றால் 4தான். ‘நன்றாகத் தெரியட்டும்’ என்று 15 ஏற்றினால் இல்லாத ஒழுக்கும் புதிதாகப் பிறக்கும். முள் பதினைந்து நிமிடம் அசையாமல் நின்றால் வெளி ஒழுக்கு இல்லை, அல்லது சூட்டில் மட்டும் வருகிறது. இறங்கினால் டார்ச் அடித்து இந்த வரிசையில் பாருங்கள்: மூடி, மேல் ஹோஸின் இரு முனை, தெர்மோஸ்டாட்டின் (எஞ்சின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைக்கும் வால்வு) மூடி, பம்ப், கீழ் ஹோஸ், ஹீட்டர் குழாய்கள் இருந்தால் அவை, பிளாக்கின் வடிகுழாய், கோர் பிளக்குகள் (பிளாக்கின் பக்கத்துத் துளைகளை மூடும் வட்டத் தகடுகள்), கடைசியில் ஹெட்டும் பிளாக்கும் சேரும் இணைப்பு.

சந்தேகமான இடத்தில் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவி விடுங்கள். ஊசிமுனை அளவு கசிந்தாலும் பவுடரில் கோடு விழும். காய்ந்த வெள்ளை, பச்சை அல்லது துருநிறப் படிவு இருந்தால் அது பழைய ஒழுக்கின் கையெழுத்து. அதற்கு மேலேயோ முன்னேயோ ஒழுக்கு இருக்கும்.

இரண்டு முறை சோதியுங்கள், ஒன்று அதிகாலை ஆறிய எஞ்சினில், ஒன்று ஓடி நிறுத்திய உடனே. ஆறியபோது மட்டும் கசிந்தால் பெரும்பாலும் கிளிப். ரப்பரும் உலோகமும் ஒரே அளவு சுருங்குவதில்லை. சூட்டில் மட்டும் கசிந்தால் இணைப்பு முகமோ விரிசலோ. சூடான சோதனைக்கு மூடியைத் திறக்க வேண்டி வரும். மேல் ஹோஸைக் கையால் அழுத்தினால் மெதுவாக அமுங்கும் வரை பொறுங்கள். கெட்டியாக இருக்கும்போது திறந்தால் முகத்தில்தான் அடிக்கும்.

கே: எங்கட 1958 மொறிஸ் மைனரில் வாட்டர் பம்ப்புக்கும் ஹெட்டுக்கும் இடையில் உள்ள சின்ன ஹோஸ் வெடித்துவிட்டது. ஹெட்டைக் கழற்றாமல் மாற்ற ஏலாது என்று கராச்சில சொல்லினம். (யாழ்ப்பாண வாசகர்)

ப: அது பைபாஸ் ஹோஸ். இரண்டு அங்குலம்கூட இல்லாத அந்த ரப்பர்த் துண்டு ஏ சீரிஸ் எஞ்சின் (மைனர், மினி வண்டிகளில் உள்ளது) வைத்திருக்கும் எல்லாரையும் ஒரு நாள் சோதிக்கும். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும் நேரத்தில் தண்ணீர் ஹெட்டிலிருந்து நேரே பம்ப்புக்குத் திரும்பும் வழி அது. நேரான ஹோஸ் போட வேண்டுமென்றால் கராச்சில் சொன்னது பாதி சரி. ஹெட்டையோ பம்ப்பையோ எடுக்க வேண்டும். ஆனால் மடிப்பு மடிப்பாக, ஆர்மோனியத் துருத்தி போல் சுருங்கும் வகை ஒன்று உண்டு. மினி, மைனர் உதிரிப்பாகம் விற்கும் இடங்களில் கேளுங்கள்.

தண்ணீரை வடித்து, பழையதைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். இரண்டு குழாய் முனைகளையும் எமரித் தாளால் சுத்தம் செய்யுங்கள். கிளிப் இரண்டையும் புதிய ஹோஸின் மேல் முதலிலேயே போட்டு, திருகுகள் உங்கள் கைக்கு எட்டும் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, கீழ் முனையில் ஏற்றி, கையால் அமுக்கிச் சுருக்கி மேல் முனைக்குள் விடுங்கள். கிரீஸ் தடவாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். பம்ப்பை எப்படியும் கழற்றப் போகிறீர்கள் என்றால் நேரான ஹோஸே போடுங்கள். துருத்தி வகையின் சுவர் மெல்லியது, ஆயுள் குறைவு.

கே: அம்பாசடர் வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு துளை. அதிலிருந்து சொட்டுகிறது. எம்-சீல் வைத்து அடைத்துவிடலாமா? (மதுரை வாசகர்)

ப: கூடாது. அந்தத் துளை வேண்டுமென்றே போட்டது. பம்ப்பின் உள்ளே தண்ணீரைத் தடுக்கும் சீல் தேய்ந்தால், தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் வெளியே வந்து விழ வேண்டும் என்பதற்காக. துளையை அடைத்தால் சொட்டு நிற்கும், தண்ணீர் பேரிங்குக்குள் போகும், கிரீஸ் கரையும், துரு ஏறும். பிறகு ஸ்பிண்டில் ஆடி, ஃபேன் இறக்கை ரேடியேட்டரைக் கிழித்துக்கொண்டு நிற்கும். 

மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் சீல் முகம் காய்ந்து முதலில் சில சொட்டு விழலாம்; இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். நிற்காவிட்டால் பம்ப்பை மாற்றுங்கள், அல்லது சீலும் பேரிங்கும் மாற்றிக் கட்டச் சொல்லுங்கள். எஞ்சினை நிறுத்தி, ஃபேன் இறக்கையின் எதிரெதிர் முனைகளைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் காத்திருக்க நேரமில்லை.

மாட்டும்போது இரு முகத்திலும் பழைய பேக்கிங் துணுக்கு ஒன்றும் இருக்கக் கூடாது. சுரண்டும்போது உலோகத்தில் கீறல் போடாதீர்கள். மெல்லிய பேக்கிங் தாள், இரு பக்கமும் பூசியதும் தெரியாத அளவு சீலன்ட். அனபாண்ட் மாதிரி சிலிக்கோன் பேஸ்ட்டைப் பிதுக்கிப் பிதுக்கி வைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: வெளியே எவ்வளவு பிதுங்குகிறதோ அவ்வளவு உள்ளேயும் பிதுங்குகிறது, பிய்ந்து போய் ரேடியேட்டர் குழாயில் சிக்குகிறது. போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று சுற்றில் சமமாக முறுக்குங்கள். பெல்ட்டின் நீண்ட பக்கத்தை நடுவில் கட்டைவிரலால் அமுக்கினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். அதற்கு மேல் இறுக்கமாக வைத்தால் புது பம்ப்பின் பேரிங்கும் சீலும் சீக்கிரம் போகும்.

பழைய பம்ப்புகள் சிலவற்றில் கிரீஸ் வைக்க ஒரு திருகு இருக்கும். கிரீஸ் கன்னால் அழுத்தி ஏற்றினால் கிரீஸ் சீலைத் தள்ளிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் போய்விடும். விரலால் வைக்கும் அளவு போதும்.

கே: பிரீமியர் பத்மினி. மேல் ஹோஸ் புதிது, கிளிப் புதிது. எவ்வளவு முறுக்கினாலும் ஹெட் பக்கம் கசிகிறது. (சென்னை வாசகர்)

ப: ஹோஸைக் கழற்றி உள்ளே இருக்கும் குழாய் முனையைப் பாருங்கள். பத்மினியின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிபடும். துருத்தடுப்பு இல்லாத வெறும் போர் தண்ணீரில் ஓடிய வண்டியாக இருந்தால் முனை முழுக்க அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருக்கும். எந்தக் கிளிப்பும் ரப்பரைக் குழிக்குள் தள்ள முடியாது. மேலும் முறுக்கினால் ரப்பர் அறுபடும், அவ்வளவுதான்.

முதலில் 240, பிறகு 400 நம்பர் எமரித் தாள். குழாயைச் சுற்றித் தேய்க்க வேண்டும், நீளவாக்கில் கூடாது. நீளவாக்கில் விழும் ஒவ்வொரு கீறலும் தண்ணீருக்கு ஒரு வாய்க்கால். தின்னரால் துடைத்து, உலோகத்துக்கான இரு பகுதி எபாக்ஸியைக் குழிகளில் நிரப்பி, 24 மணி நேரம் விட்டு, வட்டமாகத் தேய்த்து எடுங்கள். சுவர் மெலிந்து ஓட்டை விழும் நிலை என்றால் எபாக்ஸி ஏமாற்று வேலை. கழற்றக்கூடிய பாகமானால் அதையே மாற்றிவிடுங்கள்.

ஹோஸ் குழாய் மேல் 25 முதல் 30 மில்லிமீட்டராவது ஏறியிருக்க வேண்டும். குழாய் முனையில் ஒரு மேடு வளையம் இருக்கும். கிளிப் அந்த வளையத்தைத் தாண்டி உள்பக்கம் உட்கார வேண்டும், வளையத்தின் மேலேயே அல்ல. ஹோஸ் விளிம்பிலிருந்து 3, 4 மில்லிமீட்டர் விடுங்கள். ஆறிய நிலையில் முறுக்கி, ஒரு தடவை நன்றாகச் சூடேற்றி, ஆறவிட்டு, மீண்டும் கால் சுற்று. பழைய ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் முறுக்கி இழுக்காமல் கீறி எடுங்கள். ரேடியேட்டர் பக்கத்துப் பித்தளை முனை அத்தனை மெல்லியது, ஈயப் பற்று விட்டுக் கையோடு வந்துவிடும்.

கே: பிளாக்கின் பக்கத்தில் வட்டமான தகடு ஒன்று துருப்பிடித்துக் கசிகிறது. வெல்டிங் வைக்கலாமா? (திருநெல்வேலி வாசகர்)

ப: வார்ப்பிரும்பு பிளாக்கில் வெல்டிங் வைக்கப் போய் விரிசல் வாங்காதீர்கள். அது கோர் பிளக். பிளாக்கை வார்க்கும்போது உள்ளே இருந்த மணலை எடுத்த துளைகளை மூடும் தகடு. உள்ளே தண்ணீரின் அடியில் சேறும் துருவும் படிந்து, உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியே ஊசி முனை தெரிந்தால் உள்ளே பாதித் தகடு போயிருக்கும். ஒன்று போனால் மற்றவையும் அதே வயதுதான். கைக்கு எட்டுவதை எல்லாம் சேர்த்து மாற்றுங்கள். சில எஞ்சின்களில் மேனிஃபோல்டுக்குப் பின்னாலும், கியர்பாக்ஸ் பக்கமும் ஒளிந்திருக்கும்.

ரேடியேட்டரோடு பிளாக்கையும் வடியுங்கள். வடிகுழாயைத் திறந்தும் ஒன்றும் வரவில்லை என்றால் காலி என்று அர்த்தமில்லை, சேறு அடைத்திருக்கிறது. கம்பி விட்டுக் குத்துங்கள். தகட்டின் நடுவில் 4 மில்லிமீட்டர் துளை போடுங்கள். டிரில் பிட்டில் நுனியிலிருந்து 5 மில்லிமீட்டர் விட்டு டேப் சுற்றிக்கொள்வது நல்லது, ஏனென்றால் கொஞ்சம் உள்ளே சிலிண்டர் சுவர். துளையில் ஒரு திருகை ஏற்றி, பிளையரால் பிடித்து, பக்கத்தில் கட்டை வைத்து நெம்பி எடுங்கள். தகட்டை உள்ளே விழ விடாதீர்கள். திறந்த துளை வழியாகச் சேற்றைக் கரண்டியால் வாரிக் கழுவிவிடுங்கள். இப்படி ஒரு வாய்ப்பு இனி சீக்கிரம் வராது.

உட்காரும் இடத்தை எமரியால் சுத்தம் செய்து, வெர்னியரில் அளந்து, அதே அளவு வாங்குங்கள். கிடைத்தால் பித்தளை, துரு பிடிக்காது. விளிம்பில் மட்டும் சீலன்ட். கிண்ண வகை என்றால், கிண்ணத்தின் உள்ளே தளர்வாக அமரும் சாக்கெட் ஒன்றை வைத்து, நேராக, விளிம்பு துளையின் சரிவுக்குச் சற்று உள்ளே போகும் வரை தட்டுங்கள். தட்டு வகை என்றால் குவிந்த பக்கம் வெளியே. நடுவில் தட்டையான கம்பியை வைத்து ஒரே அடி. குவிவு லேசாகத் தட்டையானால் விளிம்பு விரிந்து கவ்விக்கொள்ளும். உள்ளே குழி விழும் அளவுக்கு அடித்தால் விளிம்பு மீண்டும் சுருங்கிவிடும். அதை எறிந்துவிட்டு வேறு போட வேண்டியதுதான்.

கே: ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் ஒழுக்கு நிற்கும் என்கிறார்களே? (திருச்சி வாசகர்)

ப: நிற்கும், அதுதான் தொல்லை. தூள் தண்ணீரோடு ஓடி ஊசித்துளையில் போய் ஊறி அடைக்கிறது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய் எது, ஒழுகும் துளை எது என்று மஞ்சளுக்குத் தெரியாது. பாதி அடைத்த ரேடியேட்டரில் இரண்டு மூன்று குழாய் கூட அடைத்தால் கோடையில் கொதிக்கும். கடையில் விற்கும் லீக் ஸ்டாப் பவுடருக்கும் ஏறக்குறைய இதே பதில்தான்.

நடுவழியில் மாட்டிக்கொண்டால் வேறு வழி உண்டு. எஞ்சின் ஆறிய பிறகு தண்ணீர் நிரப்பி, மூடியை முதல் பல்லோடு நிறுத்தி, முழுக்கப் பூட்டாமல் விடுங்கள். அழுத்தம் ஏறாது, ஒழுக்கு வெகுவாகக் குறையும். வேகம் கூட்டாமல், சூடு முள்ளைப் பார்த்துக்கொண்டே பட்டறைக்குப் போய்விடலாம். கொதித்துக்கொண்டிருக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஹெட்டில் விரிசல் விழும். ரேடியேட்டரில் துளை உறுதியானால் பித்தளை ரேடியேட்டருக்கு ஈயப் பற்றுதான் முறையான வைத்தியம். பழக்கமில்லாதவர் வீட்டில் முயல வேண்டாம்; ஓர் இடத்தைச் சுடும்போது பக்கத்துப் பற்று இளகி, ஒன்று நான்காகும்.

கே: ஊட்டி ஏறும்போது மட்டும் ஓவர்ஃப்ளோ குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. 4 பவுண்டு மூடியை எடுத்துவிட்டு 15 பவுண்டு போடச் சொல்கிறார்கள். (மேட்டுப்பாளையம் வாசகர்)

ப: கணக்கைப் பாருங்கள். கடல் மட்டத்தில் 4 பவுண்டு மூடியோடு தண்ணீர் ஏறத்தாழ 107 டிகிரியில் கொதிக்கும். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் 93 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும். 4 பவுண்டு மூடி அதை 101க்குத்தான் கொண்டுவரும். கீழே இருந்த இடைவெளியில் 6 டிகிரி போய்விட்டது, எஞ்சினோ இரண்டாவது கியரில் மூச்சு வாங்குகிறது.

15 பவுண்டு மூடி அந்த 6 டிகிரியையும் அதற்கு மேலும் திருப்பித் தரும். கூடவே, 4 பவுண்டுக்காகப் பற்றுவைத்த ரேடியேட்டர், பழைய ஹோஸ், பம்ப் சீல் எல்லாவற்றிலும் ஏறத்தாழ நான்கு மடங்கு அழுத்தம். ரேடியேட்டரை நீரில் அமிழ்த்திச் சோதித்து உறுதி செய்தால் 7 பவுண்டு வரை போகலாம். அது ஊட்டியில் 106 தரும். அதைவிட, தண்ணீரில் பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கூலன்ட் கலந்தால் அழுத்தம் ஏதும் கூட்டாமலே கொதிநிலை ஏழு, எட்டு டிகிரி ஏறும். இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) பின்தங்கியிருக்கிறதா, பெல்ட் வழுக்குகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். டைமிங் பின்தங்கிய எஞ்சின் சமதரையில் ஒன்றும் காட்டாது, மலையில் கொதிக்கும்.

கே: மைனர் 948 சிசி. ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டில், ஓரத்தில் மட்டும் லேசாகக் குமிழி வருகிறது. இடையில் உள்ள கேஸ்கெட் (அடைப்புத் தகடு) மாற்றித்தான் ஆக வேண்டுமா? (மட்டக்களப்பு வாசகர்)

ப: ஆயில் மோர் நிறத்தில் இல்லை, ரேடியேட்டரில் விடாமல் குமிழி வரவில்லை, சைலன்சரில் சூடான பிறகும் வெள்ளைப் புகை இல்லை என்றால் ஒரு முறை முறுக்கிப் பார்க்கலாம். ஆறிய எஞ்சினில், ராக்கர் மூடியைக் கழற்றி, ஒன்பது ஹெட் நட்டுகளையும் நடுவிலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி வெளியே போகும் வரிசையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் எட்டில் ஒரு சுற்று தளர்த்தி, உடனே டார்க் ரெஞ்சால் 40 பவுண்டு-அடிக்கு முறுக்குங்கள். தளர்த்தாமல் முறுக்கினால் துருவின் பிடியைத்தான் ரெஞ்ச் அளந்து காட்டும். இதில் நான்கு நட்டுகள் ராக்கர் தண்டையும் பிடிப்பவை. ஆகவே முடித்ததும் எட்டு வால்வுகளின் இடைவெளியையும் 0.012 அங்குலத்துக்கு மீண்டும் வைக்க வேண்டும். 40க்கு மேல் போய் ஒழுக்கை நிறுத்த முயல வேண்டாம், ஸ்டட் பிளாக்கிலிருந்து மரையைப் பிடுங்கிக்கொண்டு வரும். ஒரு வாரம் கழித்தும் கசிந்தால் கேஸ்கெட்டுதான். பழைய கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், நனைத்துச் சுரண்டுங்கள், தூளை ஊதாதீர்கள்.

கே: ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தனை வருடம் பச்சைத் தண்ணீரில் ஒழுகாமல் ஓடியது. நல்லது செய்வதாக நினைத்துக் கூலன்ட் ஊற்றினேன், மூன்று இடத்தில் ஒழுகுகிறது. (தாம்பரம் வாசகர்)

ப: ஒழுக்குகள் முன்பே இருந்தன, துரு அடைத்துக்கொண்டிருந்தது. கூலன்ட்டில் உள்ள சேர்மானங்கள் அந்தத் துருவைக் கரைத்துவிட்டன. தவிர, வெறும் தண்ணீர் நுழையாத இடுக்கிலும் கூலன்ட் நுழையும். பழையபடி தண்ணீருக்குத் திரும்பினால் துரு மீண்டும் அடைக்கும், உள்ளே பிளாக் அரிபடுவதும் தொடரும். அந்த மூன்று இடங்களையும் சரி செய்வதுதான் லாபம். ஹெரால்டில் முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாகத் திறப்பதால் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம், இங்கே எழுதியிருக்கும் வேறு எந்த வண்டிக்காரருக்கும் இந்தச் சுகம் இல்லை.

கூலன்ட் வாங்கும்போது நிறத்தை நம்பாதீர்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலிக்கேட் கலந்த பழைய வகை என்று லேபிளில் இருக்க வேண்டும். ஆர்கானிக் ஆசிட் வகை, நீண்ட ஆயுள் என்று விற்பது, ஈயப் பற்றும் பழைய ரப்பரும் உள்ள எஞ்சினுக்கு ஏற்றதில்லை. கான்சன்ட்ரேட் என்றால் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு டிஸ்டில்ட் வாட்டர். முன்பே கலந்து விற்பதில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், துருத்தடுப்புச் சத்து அதற்குள் தீர்ந்துவிடும். வடித்ததைத் திறந்த சட்டியில் விட்டுவைக்காதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும். கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும்.